ஆப் 2,900 ரூபாய் மிச்சம் என்கிறது, மெம்பர்ஷிப்பைப் புதுப்பிக்கலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் வாடகை வீடு. நீங்கள், கணவர், ஏழாவது படிக்கும் மகன், மாமியார். ஆன்லைன் கடை ஒன்றில் வருடத்துக்கு 1,499 ரூபாய் கட்டி மெம்பர்ஷிப் வைத்திருக்கிறீர்கள். அடுத்த மாதம் யுபிஐ ஆட்டோபே வழியாகத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். போன வருடம் ஏறக்குறைய ஐம்பது ஆர்டர், மொத்தம் 35,000 ரூபாய் அளவுக்கு வாங்கியிருக்கிறீர்கள். அதில் முப்பது ஆர்டர் 499 ரூபாய்க்குக் குறைவானவை, அதாவது மெம்பர் அல்லாதவர் டெலிவரிக்குக் காசு கட்டவேண்டியவை. அந்த முப்பதில் பத்து போல எர்ணாவூரில் இருக்கும் உங்கள் அக்கா உங்கள் கணக்கிலேயே போட்டது. ஆப் "இந்த வருடம் 2,900 ரூபாய் மிச்சப்படுத்தினீர்கள்" என்று காட்டுகிறது. கணவரோ தண்டச் செலவு, நிறுத்திவிடு என்கிறார். இரண்டில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அதாவது வைப்பதா விடுவதா என்பதற்கு முன்னால் உங்களுக்குத் தெரியவேண்டியது, அந்த 2,900 நிஜமாகவே உங்கள் கையில் நின்ற பணமா என்பது. அதற்குப் பதில் சொன்னால் மற்றது தானாக வந்துவிடும்.

நான் பெரம்பூரில் கணக்குப் பார்க்கும் தொழிலில் பல வருடமாக இருக்கிறேன். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகள், மின்ட் தெரு பிளாஸ்டிக் வியாபாரிகள், இப்போது ஆன்லைனில் மட்டும் விற்கும் சில இளைஞர்கள் என்று எல்லாரும் பில் கட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதனால் பொருளை விற்பவர் பக்கத்தில் காசு எப்படி நகர்கிறது என்பது எனக்குத் தெரியும். வாங்குபவரின் மனசு எப்படி நகர்கிறது என்பதில் எனக்குப் பயிற்சி கிடையாது. அங்கே நான் சொல்வதை ஒரு அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. 1,499, 499 என்ற இரண்டு எண்களையும் பார்த்தால் அமேசான் பிரைம்தான். அந்தச் சேவை இந்தியாவுக்கு வந்தது 2016 ஜூலையில். அறிமுக விலை வருடத்துக்கு 499 ரூபாய். அப்புறம் 999 ஆனது, 2021 டிசம்பரில் 1,499 ஆனது. 2023 ஏப்ரலில் வருடக் கட்டணத்தைத் தொடாமல் மாதக் கட்டணத்தை 299, மூன்று மாதக் கட்டணத்தை 599 என்று ஏற்றினார்கள். மாதா மாதம் கட்டினால் வருடத்துக்கு 3,588 ஆகும். வேறு கடையின் மெம்பர்ஷிப் என்றாலும் கீழே நான் போடும் கணக்கின் முறை அதேதான், எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால் கட்டுவதற்கு முன் உங்கள் திரையில் காட்டும் தொகையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியதில் இருந்து தொடங்குவோம். மெம்பர்ஷிப் இல்லாதவருக்கும் 499 ரூபாய்க்கு மேல் வாங்கினால் சாதாரண டெலிவரி இலவசம். அதற்குக் கீழே வாங்கினால் பொதுவாக 40 ரூபாய். ஆக, டெலிவரி ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் 1,499ஐ மீட்க வருடத்துக்கு 38 சின்ன ஆர்டர் வேண்டும். உங்கள் முப்பதைப் பெருக்கினால் 1,200. அக்காவின் பத்தைக் கழித்தால் 800. அப்படியானால் ஆப் காட்டும் 2,900 எங்கிருந்து வந்தது? மறுநாள் டெலிவரி, அதே நாள் டெலிவரி ஆகியவற்றுக்கு மெம்பர் அல்லாதவர் எவ்வளவு கொடுத்திருப்பார், மெம்பருக்கு மட்டும் என்று போட்ட தள்ளுபடிகள் எவ்வளவு என்பதையெல்லாம் இந்த மாதிரிக் கூட்டுத்தொகையில் சேர்ப்பது வழக்கம். அந்தத் தொகையைத் தொட்டு விரித்துப் பாருங்கள், இனவாரியாகக் காட்டினால் அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டலில் தவறு இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூட்டியதில் பெரும்பகுதி நீங்கள் வேறு வழியில் கொடுத்திருக்கவே போகாத காசு. மெம்பர்ஷிப் இல்லாவிட்டால் காது குடையும் பஞ்சு மறுநாளே வரவேண்டும் என்று யாராவது நூறு ரூபாய் தனியாகக் கட்டுவார்களா? மாட்டோம். நாலு நாள் காத்திருப்போம். கொடுக்கவே போகாத நூறை மிச்சம் என்று எழுத எந்தப் பேரேட்டிலும் இடம் கிடையாது. எங்கள் தொழிலில் வந்தது, போனது, இவ்வளவுதான்.

அந்த 800ஐயும் அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டாம். ஆர்டர் பட்டியலைத் திறந்து, தேதி வாரியாகப் பாருங்கள். நான் இதைப் பலருக்குச் செய்து பார்த்ததில் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை 180 ரூபாய்க்கு டிபன் பாக்ஸ் மூடி, வியாழக்கிழமை 240 ரூபாய்க்கு மொபைல் கவர், அடுத்த திங்கள் 150 ரூபாய்க்கு மிக்சி ஜார் வாஷர். மூன்றையும் சேர்த்தால் 570. மெம்பர்ஷிப் இல்லாத வீட்டில் இவை மூன்றும் ஒரே ஆர்டராகப் போயிருக்கும், டெலிவரிக்கு ஒரு ரூபாய்கூட ஆகியிருக்காது. உங்கள் இருபது சின்ன ஆர்டர்களில் பாதியாவது இப்படிச் சேர்த்திருக்கக்கூடியவை என்று ஊகிக்கிறேன். இது ஊகம்தான், உங்கள் பட்டியலைப் பார்த்தால் அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். பாதி என்றே வைத்துக்கொண்டால் டெலிவரியால் உங்கள் வீட்டுக்கு வருடத்துக்குக் கிடைக்கும் நிஜ லாபம் 400 ரூபாய். தாராளமாகப் போட்டால் 800.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தலைகீழாகப் புரிந்திருக்கிறது. "நாங்கள் நிறைய வாங்குகிறோம், அதனால் மெம்பர்ஷிப் கட்டுப்படியாகும்" என்பார்கள். பெரிய தொகைக்கு வாங்குபவருக்குத்தான் இது குறைவாகப் பயன்படும். குழந்தைக்கு டயப்பர் கட்டு, குக்கர், மாதத்துக்கான சோப்பு, டிடர்ஜென்ட் எல்லாம் 499ஐத் தாண்டிவிடும், எல்லாருக்கும் இலவசமாகவே வரும். உங்கள் 35,000 ரூபாயில் பெரும்பகுதி அந்த இருபது பெரிய ஆர்டர்களில் போயிருக்கும். அவற்றில் டெலிவரிக் கட்டணம் என்ற வகையில் மெம்பர்ஷிப் உங்களுக்கு எதுவும் தரவில்லை. திருப்பி அனுப்பும் வசதியும் அப்படித்தான், அது மெம்பருக்கு மட்டும் உரியதென்று நினைத்துக் கட்டுபவர்கள் உண்டு. மெம்பராக இல்லாமல் வாங்கினாலும் பொருளுக்கு எழுதியிருக்கும் ரிட்டர்ன் விதிப்படி திருப்பி அனுப்பலாம்.

கிரெடிட் கார்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் யாராவது வந்து "அந்தக் கார்டு வாங்கினால் மெம்பர்ஷிப் காசு வந்துவிடும்" என்று சொல்வார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அமேசான் பே ஐசிஐசிஐ கார்டில் பிரைம் மெம்பருக்கு அந்தக் கடையில் வாங்குவதற்கு 5 சதவிகிதம் திரும்ப வரும், மெம்பர் இல்லாதவருக்கு 3 சதவிகிதம். வித்தியாசம் 2 சதவிகிதம். அந்த 2 சதவிகிதத்தை மட்டும் வைத்து 1,499ஐ மீட்க வருடத்துக்கு ஏறக்குறைய 75,000 ரூபாய்க்கு வாங்க வேண்டும். நீங்கள் வாங்குவது 35,000, அதாவது 700 ரூபாய் கூடுதலாக வரும். இன்னொரு பக்கம், மெம்பர்ஷிப்பே இல்லாமல் 3 சதவிகிதம் என்றாலே 1,050 ரூபாய். கார்டுக்கு வருடக் கட்டணமும் இல்லை. தங்கம், இஎம்ஐ போன்றவற்றுக்கு இந்தத் தொகை வராது. பில் தேதியில் முழுப் பணத்தையும் கட்டும் பழக்கம் இருப்பவருக்கு மட்டும் இது சரி. ஒரே ஒரு மாதம் பாக்கி வைத்தாலும் வட்டி மாதத்துக்கு 3 சதவிகிதத்துக்கு மேல் போடுவார்கள், வந்ததெல்லாம் அதிலேயே போய்விடும். யுபிஐயில் கட்டிப் பழகிய வீட்டுக்கு, மெம்பர்ஷிப்பை நியாயப்படுத்துவதற்காக ஒரு கிரெடிட் கார்டு வாங்கு என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது, இதே மெம்பர்ஷிப்பில் சேர்ந்து வரும் வீடியோ. மாமியார் சாயங்காலம் டிவியில் தமிழ்ப் படம் பார்க்கிறார், மகன் போனில் எதையோ பார்க்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இதன் மதிப்பை எப்படிப் போடுவது என்பதற்கு அந்தக் கம்பெனியே ஒரு வழி காட்டியிருக்கிறது. 1,499க்குக் கீழே இரண்டு சின்னத் திட்டங்கள் வைத்திருக்கிறார்கள். பிரைம் லைட் என்பது 2023இல் 999க்கு வந்து பிறகு 799க்கு இறங்கியது. அதில் டெலிவரி உண்டு, வீடியோ குறைந்த வசதியோடு உண்டு. பிரைம் ஷாப்பிங் எடிஷன் என்று 399 ரூபாய்க்கு இன்னொன்று, அதில் டெலிவரியும் தள்ளுபடியும் மட்டும், வீடியோ கிடையாது. இந்தத் திட்டம் உங்கள் கணக்கில் காட்டுகிறதா என்று ஆப்பில் பாருங்கள். 399 என்றால் என்ன அர்த்தம்? டெலிவரிக்கான விலை 399தான் என்று கடைக்காரரே எழுதி வைத்துவிட்டார். மீதி 1,100 ரூபாய் படம், பாட்டு, புத்தகம் வகையறாவுக்கு. மாதம் 92 ரூபாய்.

சரி, அந்த 92 ரூபாய்க்கு உங்கள் வீட்டில் பார்க்கிறார்களா? இதற்கு நான் பதில் சொல்ல முடியாது. மாமியாருக்கு அந்தச் சாயங்காலம் என்னவாக இருக்கிறது என்பது ஆர்டர் பட்டியலில் தெரியாது. ஆனால் இரண்டு விஷயத்தைக் கணக்கில் எடுங்கள். 2025 ஜூன் மாதத்தில் இருந்து பிரைம் வீடியோவில் விளம்பரம் வருகிறது. விளம்பரம் வேண்டாம் என்றால் வருடத்துக்கு இன்னும் 699 கட்டச் சொல்கிறார்கள். அப்படிக் கட்டினால் மொத்தம் 2,198. இன்னொன்று, உங்கள் கணவரின் மொபைல் ரீசார்ஜைப் பாருங்கள். சில போஸ்ட்பெய்டு திட்டங்களிலும் பெரிய ப்ரீபெய்டு திட்டங்களிலும் பிரைம் அல்லது பிரைம் லைட் சேர்ந்தே வருகிறது. அதை இயக்காமல் விட்டுவிட்டு, தனியாக 1,499 கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் போவதிலேயே எரிச்சல் தரும் வகை இதுதான், ஒரே பொருளுக்கு இரண்டு இடத்தில் கட்டுவது.

இப்போது நான் விற்பவர் பக்கம் பார்ப்பதைச் சொல்கிறேன், இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆன்லைனில் விற்பவரின் மாதக் கணக்கைத் திறந்தால் பொருள் விலையில் இருந்து அந்தத் தளம் பிடித்துக்கொள்ளும் தொகைகள் வரிசையாக இருக்கும். கமிஷன், ஆர்டர் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான கட்டணம், எடையையும் தூரத்தையும் பொறுத்து அனுப்பும் கட்டணம், இவற்றின் மேல் 18 சதவிகித ஜிஎஸ்டி. அமேசான் 2025 ஏப்ரலில் 300 ரூபாய்க்குக் கீழான பல வகைப் பொருள்களுக்குக் கமிஷனை நீக்கிவிட்டது, ஆனால் அனுப்பும் கட்டணம் அங்கேயே இருக்கிறது. திரும்பி வரும் பொருளால் ஆகும் நஷ்டம் தனி. விற்பவர் இதையெல்லாம் தன் பையில் இருந்து போடுவாரா? விலையில் ஏற்றுவார். மின்ட் தெருவில் மொத்த விலைக்கு எடுக்கும் அதே பிளாஸ்டிக் டப்பா ஆன்லைனில் ஒன்றரை மடங்குக்குப் போவதை அதே வியாபாரியின் இரண்டு பில் புத்தகங்களிலும் நான் அருகருகே பார்த்திருக்கிறேன். அவர் ஏமாற்றவில்லை. டெலிவரிக்கு ஆகும் காசு அந்த விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எல்லாப் பொருளுக்கும் இப்படி என்று சொல்லமாட்டேன். எலெக்ட்ரானிக்ஸ், பிராண்ட் உள்ள சமையல் சாதனங்கள், புத்தகங்கள் ஆன்லைனில் நிஜமாகவே மலிவாகக் கிடைப்பது உண்டு. ஆனால் எடை குறைந்த, விலை குறைந்த, பிராண்ட் இல்லாத பொருள்களில் இந்தக் கூடுதல் ஏறக்குறைய எப்போதும் இருக்கும். உங்கள் 499க்குக் கீழான ஆர்டர்களில் பெரும்பாலும் இந்த வகைதான் இருக்கும்.

ஆகவே 40 ரூபாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு, முன்கூட்டியே 1,499 கட்டியது உங்களை என்ன செய்கிறது என்று பாருங்கள். கட்டியாயிற்று, பயன்படுத்தாவிட்டால் வீண் என்ற எண்ணம் வந்துவிடும். வேறு ஆப்பில் விலை பார்ப்பது நிற்கும். தெருமுனைக் கடையில் கேட்பது நிற்கும். ரயில் சீசன் டிக்கெட் திருவொற்றியூரில் இருந்து கடற்கரை ஸ்டேஷனுக்கு தினம் வேலைக்குப் போகிறவருக்கு லாபம், டிக்கெட் இருக்கிறதே என்று தினமும் பாரிமுனை போய்வர ஆரம்பிப்பவருக்குச் செலவு. வியாபாரி என்ற முறையில் யோசித்தால், மெம்பர்ஷிப் விற்பவரின் நோக்கமும் அதுவே. நீங்கள் கட்டும் 1,499இல் கிடைக்கும் லாபம் அவருக்கு இரண்டாம் பட்சம். நீங்கள் முதலில் தேடும் இடமாக அவர் கடை இருப்பதுதான் அவருக்கு வேண்டும்.

இதனால் உங்கள் வீட்டில் தேவையில்லாமல் வாங்கியது எவ்வளவு? இங்கேதான் நான் உறுதியான தரையை விட்டு இறங்குகிறேன். மெம்பர்ஷிப் எடுத்தபின் ஆட்கள் கூடுதலாக வாங்குகிறார்கள் என்பதைப் பல கணக்குகளில் பார்த்தேன். ஆனால் அதிகம் வாங்கப் போகிறவர்கள்தான் மெம்பர்ஷிப் எடுக்கிறார்கள் என்றும் சொல்லலாம், இரண்டையும் வெளியில் இருந்து பிரிப்பது கஷ்டம். ஆராய்ச்சியில் எனக்குத் தெரிந்த உறுதியான ஒன்று, ஸ்டெஃபானோ டெல்லாவின்யா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களை வைத்து 2006இல் வெளியிட்டது. ஒரு தடவைக்கு 10 டாலர் கொடுத்துப் போகும் வழி இருந்தும் மாதச் சந்தா கட்டியவர்கள், அவர்கள் வந்த தடவைகளைக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு தடவைக்கும் 17 டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். நிறையப் போவோம் என்று நம்பிக் கட்டியவர்கள் அவர்கள். ஜிம்மும் ஆன்லைன் கடையும் ஒன்றல்ல. ஜிம்முக்குப் போகாமல் இருந்தால் காசு வீண், கடையில் போனால்தான் காசு போகும். ஆனாலும் முன்பணம் கட்டும்போது நம்மைப் பற்றி நாமே தப்பாகக் கணிக்கிறோம் என்ற அளவுக்கு அது இங்கேயும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் நின்று யோசித்தால், மறுநாள் டெலிவரி என்பது தண்டையார்பேட்டைக்கு எவ்வளவு தேவை? பையனுக்கு நாளைக்கு ஸ்கூலில் சார்ட் பேப்பர், பசை வேண்டுமென்றால் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆர்டர் போட்டுவிட்டு காத்திருக்க முடியாது, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனரி கடைதான் கதி. சார்ஜர் கெட்டுப்போனால் நடந்து போகும் தூரத்தில் நாலு மொபைல் கடை. மளிகையில் அவசரம் என்றால் இப்போது பத்து நிமிட ஆப்கள் வந்துவிட்டன. வேறு கம்பெனிகளின் அந்த ஆப்களுக்கு இந்த மெம்பர்ஷிப் செல்லாது, அங்கே தனிக் கட்டணம், சில இடங்களில் தனி மெம்பர்ஷிப்பே உண்டு. ஆக, போன வருடம் இங்கே வாங்கியதில் எது இப்போது அங்கே போய்விட்டது என்றும் பாருங்கள். முப்பது என்பது இந்த வருடம் இருபதாகக் குறைந்திருக்கலாம். மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம், தெருவில் தண்ணீர் நின்றால் எந்த மெம்பர்ஷிப்பும் வண்டியை உள்ளே கொண்டுவராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் பார்த்தோமே.

கடைக்குப் போய் வாங்குவதற்கும் செலவு உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் உங்களுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் நேரம்தான். 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அவசரம் என்றால் மெட்ரோ அந்த வருடம் பிப்ரவரியிலேயே விம்கோ நகர் வரை வந்துவிட்டது, தண்டையார்பேட்டையில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மண்ணடியில் இறங்கி சௌகார்பேட்டைப் பக்கம் போகலாம். பத்துப் பன்னிரண்டு சின்னப் பொருளை ஒரு பட்டியலாக எழுதி வைத்து இரண்டு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை போய்வந்தால், விலை வித்தியாசத்திலேயே நல்ல தொகை நிற்கும். நீங்கள் வேலைக்குப் போகிறவரா என்று எழுதவில்லை. போகிறவர் என்றால், அந்த ஒரு சனிக்கிழமைக்கு என்ன மதிப்பு என்பதை வேறு யாரும் சொல்லக்கூடாது. கணவர் தண்டச் செலவு என்று சொல்வதற்கு முன் அந்தச் சனிக்கிழமை யார் போவது என்றும் பேசிக்கொள்ளுங்கள்.

யாருக்கு இதை வைத்துக்கொள்ளச் சொல்வேன் என்றும் சொல்கிறேன். வீட்டை விட்டு எளிதில் வெளியே போக முடியாத முதியவர் தனியாக இருக்கும் வீடு. எண்ணூர், மணலி ஓரத்தில், கன்டெய்னர் லாரி வரிசையைத் தாண்டிக் கடைக்குப் போய்வர அரை நாள் ஆகும் இடங்கள். குறிப்பிட்ட உதிரிப் பொருள்களை அடிக்கடி, ஒவ்வொன்றாக, தள்ளிப்போட முடியாமல் வாங்க வேண்டிய தொழில் செய்பவர்கள். இவர்களுக்கு 38 சின்ன ஆர்டர் என்பது சாதாரணம். உங்கள் அக்கா எர்ணாவூரில் இருக்கிறார், அவருக்கு உங்களைவிட இது அதிகம் பயன்படலாம். அவர் கட்டணத்தில் பாதி தருகிறார் என்றால் கணக்கே மாறிவிடும், தரவில்லை என்றால் அந்தப் பத்து ஆர்டரின் 400 ரூபாய் உங்கள் லாபம் இல்லை, அவருடையது. உறவில் இதைக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. கணக்கில் மட்டும் தனியாக எழுதிவையுங்கள்.

ஆக உங்கள் வீட்டுக்கு நான் போடும் கணக்கு இது. டெலிவரியில் 400 முதல் 800. வீடியோ மீதியைச் சுமக்க வேண்டும், அதாவது 700 முதல் 1,100. மாமியார் வாரத்தில் நாலைந்து நாள் பார்க்கிறார், அது இல்லாவிட்டால் வேறு எதற்காவது சந்தா கட்டவேண்டி வரும் என்றால் 1,499 சரிதான், கணவரிடம் அதையே சொல்லுங்கள், 2,900 என்று சொல்லவேண்டாம். வீடியோ சும்மா கிடக்கிறது என்றால் 399 திட்டம், அல்லது எதுவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் 799 திட்டத்தின் வீடியோ எந்தச் சாதனத்தில், எத்தனை சாதனத்தில் ஓடும் என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாமியார் பார்ப்பது டிவியில் என்பதால் இது முக்கியம்.

என் சொந்த விருப்பம் கேட்டால், புதுப்பிப்பை நிறுத்திவிட்டு இரண்டு மாதம் இல்லாமல் இருந்து பாருங்கள். திரும்பச் சேர அபராதமோ நுழைவுக் கட்டணமோ கிடையாது. சின்னப் பொருள் தோன்றும்போதெல்லாம் கார்ட்டில் போட்டு வையுங்கள், 499 தாண்டியதும் அனுப்பச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கவனம், 499ஐ எட்டுவதற்காகத் தேவையில்லாத ஒரு பாட்டில் ஷாம்பூவைச் சேர்ப்பது 40 ரூபாயைக் காப்பாற்ற 150 செலவு செய்வது. நிஜமாகவே அவசரம் என்றால் அந்த 40ஐக் கொடுத்துவிடுங்கள், தப்பில்லை. பொறுத்து வைத்ததில் சிலது ஒரு வாரத்தில் வேண்டாம் என்றே தோன்றும், அதை நீக்கும்போது மெம்பர்ஷிப் இத்தனை நாள் என்ன வாங்க வைத்தது என்று ஓரளவு தெரியும். தீபாவளிக்கு முந்தைய பெரிய விற்பனையில் மெம்பர்களுக்கு ஒரு நாள் முன்பே திறப்பார்கள். ஃபிரிட்ஜ், போன் மாதிரி ஏதாவது வாங்கத் திட்டம் இருந்தால் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் 299 கட்டினால் போதும்.

நிறுத்துவது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். ஆப்பில் மெம்பர்ஷிப் பக்கத்துக்குப் போய் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தினால், ஏற்கெனவே கட்டிய நாள் முடியும் வரை எல்லா வசதியும் இருக்கும், அதனால் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வழியில் "நிச்சயமா?", "இவ்வளவு இழப்பீர்கள்" என்று இரண்டு மூன்று திரை வரும், பொறுமையாகத் தாண்டுங்கள். இந்தத் திரைகள் சம்பந்தமாகத்தான் அமெரிக்காவில் அரசின் வர்த்தக ஆணையம் 2023இல் அமேசான் மேல் வழக்குப் போட்டது, சம்மதம் சரியாகப் பெறாமல் சேர்த்தார்கள், விலகுவதைக் கஷ்டமாக்கினார்கள் என்று. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அது சமரசமானது. நம் நாட்டில் 2023 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டு விதிகள் பதின்மூன்று வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்கின்றன, சந்தாவில் இருந்து வெளியேற விடாமல் சிக்கவைப்பது அதில் ஒன்று. எந்த ஆப்பாவது உங்களை அப்படிச் சுற்றவைத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம்.

ஆப்பில் நிறுத்திய கையோடு யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியையும் திறந்து அந்த அனுமதியை ரத்து செய்துவிடுங்கள். கார்டு, யுபிஐ இரண்டிலும் பணம் எடுப்பதற்கு குறைந்தது 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 15,000 ரூபாய் வரையான தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கமாட்டார்கள் என்பதால் அந்த அறிவிப்பு ஒன்றுதான் உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை மணி. அது யார் நம்பருக்கு வருகிறது, உங்களுக்கா கணவருக்கா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அக்காவிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர் பாட்டுக்கு ஒரு ஆர்டர் போட்டு டெலிவரி சார்ஜ் விழுந்தால் அப்புறம் அதற்கு ஒரு தனிக் கணக்கு பேசவேண்டி வரும்.